தன் கண்களைப் பற்றி எழுதிவைத்த அரச பேரன்

இங்கிலாந்தை ஆண்ட மூன்றாம் ஜோர்ஜ் மன்னருக்குப் பிள்ளைகள் 15 பேர். அவர்களுள் ஆறாவது ஆண்மகனாகிய அகஸ்தஸ் பிரடெரிக் இளவரசரின் ஒரே புதல்வர்தான் சேர் அகஸ்தஸ் டெஸ்தே. சட்டம் படிப்பவர்கள் இவருடைய பெயரை அறிவார்கள். பிரபுக்கள் சபையில் இவர் தோற்றுப்போன ஒரு வழக்கு சட்ட நூல்களில் இன்றும் எடுத்தாளப்படுகின்றது. வைத்தியம் படிப்பவர்களும் இவரை அறிவார்கள். ஆனால் அவர்கள் அறிந்த காரணம் முற்றிலும் வேறானது. தமக்கு வந்த நோய் என்னவென்று தாமும் அறியாமல், தம்மைப் பார்த்த வைத்தியர்களும் அறியாமல், தம் கண்களுக்கும் கால்களுக்கும் நேர்ந்தவற்றை 24 ஆண்டுகள் நாட்குறிப்பில் எழுதிவைத்த மனிதர் இவர். அந்த வாழ்க்கையைத்தான் இந்த வாரம் உங்கள் முன் வைக்கின்றோம்.

முதலில் இவருடைய பெற்றோரைப் பற்றிச் சிறிது சொல்லவேண்டும். தந்தையாகிய இளவரசர் இளவயதிலேயே சுவாச நோயினால் வருந்தியவர். குளிர் குறைந்த நாடு என்பதற்காக இத்தாலியில் தங்கியிருந்தார். அங்கே, உரோமாபுரியில், டன்மோர் பிரபுவின் மகளாகிய அகஸ்தா மறே சீமாட்டியைச் சந்தித்தார். சீமாட்டி இளவரசரிலும் வயதில் மூத்தவர். 1793 ஏப்ரில் 4ஆம் திகதி ஓர் அங்கிலிக்கன் குருவானவர் அவர்களுக்கு இரகசியமாகத் திருமணம் செய்துவைத்தார். நாடு திரும்பிய பின் அதே ஆண்டு டிசெம்பர் 5ஆம் திகதி, இலண்டனில் ஹனோவர் சதுக்கத்துப் புனித ஜோர்ஜ் ஆலயத்திலே, தாங்கள் யாரென்று பிறர் அறியாதபடி இரண்டாம் முறையும் மணம் செய்துகொண்டார்கள். 1794 ஜனவரியில் குழந்தை பிறந்தது.

குழந்தை பிறந்து எட்டு மாதம் நிரம்புமுன்னே, அந்தத் திருமணம் செல்லாது என்று தீர்ப்பாயிற்று. அரச வம்சத்தினர் மன்னருடைய சம்மதமின்றி மணம் செய்தல் கூடாது என்று 1772ஆம் ஆண்டிலேயே ஒரு சட்டம் இருந்தது. அந்தச் சட்டத்தை இயற்றுவித்தவரும் மூன்றாம் ஜோர்ஜ் மன்னர்தான். இரண்டு முறை குருவானவர் முன்னிலையில் கைகோத்த தம்பதிகளின் பிள்ளை, பாட்டனாரின் சட்டத்தினால் தகப்பன் பெயரை இழந்தது. பெற்றோர் இருவரும் இத்தாலிய எஸ்தே வம்சத்தின் வழிவந்தவர்கள் என்பதால், பிள்ளைக்கு டெஸ்தே என்ற பெயர் வழங்கலாயிற்று. 1801இல் ஒரு தங்கையும் பிறந்தாள். அதே ஆண்டில் பெற்றோர் பிரிந்தனர். தந்தை சசெக்ஸ் கோமகன் ஆனார். கத்தோலிக்கருக்கு இங்கிலாந்தில் 1829ஆம் ஆண்டு குடியுரிமை கிடைத்தபோது அதற்காகப் பேசிய அரச குடும்பத்தவர் இந்தக் கோமகன் என்பது எமது வாசகர்கள் அறியத்தக்கது. பிறருடைய உரிமைக்காகப் பேசியவரால் தம் சொந்த மகனுடைய உரிமையை மீட்டுக்கொடுக்க முடியவில்லை.

மகன் தாயிடம் வளர்ந்தார். பின்பு பட்டாளத்தில் சேர்ந்து, 1815இல் அமெரிக்காவின் நியூ ஓர்லீன்ஸ் போர்க்களத்துக்கும் போய்வந்தார். வட அமெரிக்க ஆதிக்குடிகளின் நிலை கண்டு இரங்கி, அவர்களுக்காகப் பிற்காலத்தில் இலண்டனிலே முயற்சிகள் செய்தவர்களுள் இவரும் ஒருவர். நல்ல உடற்கட்டும் உலாவித் திரிவதில் விருப்பமும் உள்ள இளைஞர். 28 வயது வரையில் இப்படியே போயிற்று.

1822 டிசெம்பர் மாதம். ஸ்கொத்லாந்தின் மலைநாட்டிலே உறவினர் ஒருவர் இருந்தார். தந்தையின் அருகாமை இல்லாத டெஸ்தே அவரிடம் மகனைப்போலப் பாசம் வைத்திருந்தார். அவரோடு சில நாட்கள் தங்கலாமென்று நெடுந்தூரம் பிரயாணம் செய்து போனார். போய்ச் சேர்ந்தபோது உறவினர் இறந்துகிடந்தார். நல்லடக்கத்திலே சனம் நிறைந்திருந்தது. பலர் முன்னிலையில் அழலாகாது என்று டெஸ்தே தம்மை வெகு பிரயாசையோடு அடக்கப் பார்த்தார். அடக்க முடியவில்லை, அழுதுவிட்டார்.

அடக்கம் முடிந்த சில நாட்களில், தமக்கு வந்த கடிதங்களைப் பிறரைக்கொண்டு வாசிப்பிக்கவும், பதில்களைப் பிறரைக்கொண்டு எழுதுவிக்கவும் நேர்ந்தது. சிறிய பொருள்களின் மேல் கண்ணை நிறுத்தினால் அவை தெளிவில்லாமல் மங்கின. இதில் நீங்கள் கவனிக்கவேண்டிய ஒரு செய்தியை அவரே குறித்திருக்கின்றார். வாசிக்க முயலும் வரையில், அல்லது எழுதும் இறகைக் கூர்சீவ முயலும் வரையில், தம் கண்ணில் குறையிருப்பது அவருக்குத் தெரியவே இல்லை. நடந்தார், ஆட்களைப் பார்த்துப் பேசினார், மலையைப் பார்த்தார். எல்லாம் வழக்கம்போலவே தோன்றின. நுணுக்கமான வேலை வந்தபோதுதான் கண் கைவிட்டது.

பின்பு அயர்லாந்துக்குப் போனார். அங்கே யாதொரு மருந்தும் போடாமலே கண்கள் பழைய பலத்தையும் தெளிவையும் முற்றாகப் பெற்றன.

இது எப்படி நேர்ந்தது என்று இன்றைக்கு வைத்தியர்கள் சொல்லக்கூடும். கண் என்பது ஒரு சன்னல் போன்றது, பார்ப்பது மூளை. சன்னலுக்கும் மூளைக்கும் இடையிலே பார்வை நரம்பு ஓடுகின்றது. அது ஒரே கயிறு அன்று. ஒவ்வொரு கண்ணிலிருந்தும் சுமார் 10 இலட்சம் மெல்லிய நார்கள் சேர்ந்த கட்டு. மின்சாரக் கம்பிக்கு மேலே றப்பர் உறை இருப்பதுபோல, ஒவ்வொரு நாரையும் மயலின் என்னும் கொழுப்புறை மூடியிருக்கின்றது. அந்த உறை இருப்பதனால்தான் செய்தி விரைந்து செல்கின்றது. உடலைக் காக்கவேண்டிய எதிர்ப்புச் சக்தியே ஏதோ காரணத்தால் தடம்மாறி இந்த உறையைத் தின்னத் தொடங்கும் நோய் ஒன்று உண்டு. உறை போன இடத்தில் செய்தி தட்டுத்தடுமாறும், சில வேளை நின்றே போகும். வீக்கம் வற்றியதும் நார் மெல்ல மெல்லத் தன் வேலையைத் தொடரும். ஆனால் அவ்விடத்தில் ஒரு தழும்பு எஞ்சிவிடும். மூளையிலும் முதுகுநாணிலும் பார்வை நரம்பிலுமாகப் பல இடங்களில், பல காலங்களில் இத்தகைய தழும்புகள் விழுவதால் இதனை ஆங்கில வைத்தியர்கள் மல்ரிப்பிள் ஸ்கிளரோசிஸ் என்று அழைக்கின்றார்கள். பல இடத்துத் தழும்பு என்பதே அதன் பொருள். இந்நோய் வருவோரில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு முதல் அடி விழுவது பார்வை நரம்பின் மேலேதான்.

இந்த அடி விழுந்தவருக்குப் பெரும்பாலும் கண்ணை அசைக்கும்போது உள்ளே நோகும். பார்வையின் நடுப்பகுதி புகை படிந்ததுபோல மங்கும். நிறங்கள் வெளிறும், அதிலும் சிவப்பு நிறம் சாயம் போன சேலைபோலத் தெரியும். வெள்ளைத் தாளில் கறுப்பெழுத்தை வாசித்துவிடுவார். சாம்பல் நிறத்தாளில் மங்கலாக அச்சிட்டதை வாசிக்கமாட்டார். வெளிச்சமான தெருவில் தடையின்றி நடப்பார். பொழுதுபட்ட நேரத்தில் படி எது, நிழல் எது என்று தெரியாமல் தடுமாறுவார். அடுத்தவர் பார்த்தால் அவருடைய கண் பளிச்சென்று நல்ல கண்ணாகவே இருக்கும். சிவப்பில்லை, பீளையில்லை, பூ விழவில்லை. தழும்பு கண்ணுக்குப் பின்னால் நரம்பில் இருக்கும்போது, விழியின் உள்ளே பார்க்கும் கருவிகொண்டு நோக்கும் வைத்தியருக்கும் தொடக்கத்தில் ஒன்றும் தென்படாது. டெஸ்தேயின் நாளில் அந்தக் கருவியும் இல்லை. ஹெல்ம்ஹோல்ட்ஸ் என்ற ஜெர்மானிய அறிஞர் அதனை உலகுக்கு அறிவித்தது 1851இல். டெஸ்தே கண்மூடி மூன்று ஆண்டுகள் கழிந்த பின்னர்.

இந்த இடத்தில் குடும்பத்தலைவர்களாகவும் தாய்மாராகவும் உள்ள உங்களிடம் ஒன்று சொல்லவேண்டும். வீட்டிலே ஒரு பெண்பிள்ளை, ஊசியில் நூல் கோக்கத் தெரியவில்லை, புத்தகம் மங்குகிறது என்று சொல்கின்றாள். கண்ணைப் பார்த்தால் ஒரு குறையும் இல்லை. மூன்று கிழமையில் தானாகவே சுகமாகிவிடுகின்றது. அடுத்த முறை அவள் சொல்லும்போது, படிக்கக் கள்ளமடிக்கிறாள் என்று ஏசுகிறோம். தானாகச் சுகமாவதுதான் இந்த நோயின் வஞ்சகம். இந்நோய் ஸ்கொத்லாந்து போன்ற வடபுல நாடுகளில் அதிகம், எமது நாட்டில் அரிது. அரிதாக இருப்பதனால்தான் எவருக்கும் ஞாபகத்துக்கு வராமல் போகின்றது. பார்வை திடீரென மங்கியவரை, மங்கல் தெளிந்துவிட்டாலும், கண் வைத்தியரிடம் ஒருமுறை காட்டத்தான் வேண்டும்.

டெஸ்தேக்கும் அப்படியே நடந்தது. சில ஆண்டுகளின் பின் கண் மீண்டும் மங்கியது, மீண்டும் தெளிந்தது. ஆதலால் பெரிதாக ஒன்றும் இல்லையென்றே இருந்தார்.

1827ஆம் ஆண்டின் இறுதியில் அவர் இத்தாலியின் புளோரன்ஸ் நகரத்தில் இருந்தார். அப்போது அவருக்கு வயது 33. நவம்பர் மாதத்தில் பார்வை குழம்பி, எல்லாப் பொருளும் இரண்டிரண்டாகத் தெரியலாயின. ஒவ்வொரு கண்ணும் தன்தன் காட்சியைத் தனித்தனியே கண்டது என்ற கருத்துப்பட அவர் எழுதியிருக்கின்றார். கல்லூரியில் வைத்தியம் படிப்பவன் எழுதியிருந்தாலும் இதைவிடத் துல்லியமாக எழுதியிருக்க முடியாது. காரணம் இதுதான்: இரண்டு கண்களும் ஒரே வேளையில் ஒரே பக்கம் திரும்புவதற்கு, மூளையின் அடித்தண்டிலே ஓடும் சில நார்கள் ஒத்துழைக்கவேண்டும். அங்கே ஒரு தழும்பு விழுந்தால் ஒரு கண் திரும்பும், மற்றது பிந்தும். நுகத்தில் பூட்டிய இரண்டு மாடுகளில் ஒன்று முந்தியும் மற்றது பிந்தியும் இழுப்பதுபோல. மூளைக்கு வந்துசேரும் இரண்டு படங்களும் ஒன்றோடொன்று பொருந்தமாட்டா.

அங்கிருந்த வைத்தியர் பித்தமே காரணம் என்றார். நம்மவர்களும் தலை சுற்றினாலும் கண் இருண்டாலும் பித்தம் என்று சொல்வதில்லையா? இரண்டு முறை நெற்றிப்பொட்டில் அட்டை விட்டார்கள். கையிலே குத்தி இரண்டு முறை இரத்தம் வாங்கினார்கள். பேதி மருந்து கொடுத்தார்கள், வாந்தி மருந்து கொடுத்தார்கள். இத்தனையும் நடந்த பின் இரட்டைப் பார்வை நீங்கி, பொருள்கள் மறுபடியும் ஒன்றொன்றாகத் தெரிந்தன. அட்டையும் பேதியும் சுகமாக்கின என்று அந்த வைத்தியர் மகிழ்ந்திருப்பார். அயர்லாந்தில் யாதொரு மருந்தும் இல்லாமல் சுகமான கதையை டெஸ்தே தம் குறிப்பில் எழுதிவைத்திராவிட்டால் நாமும் அப்படியே நம்பியிருப்போம்.

கண் தெளிந்த கையோடு கால் தளர்ந்தது. நாளுக்கு நாள் வலு குறைந்து, நடக்கையில் விழுந்தார். ஒரு நாளில் பல தடவை விழுந்தார். ஈற்றில் எழுந்து நிற்கவும் முடியாமற்போகப் பிறர் தூக்கவேண்டியதாயிற்று. இப்போது சிகிச்சை நேர்மாறாகத் திரும்பியது. நாளுக்கு இருமுறை மாட்டிறைச்சி, கறுத்த பியர், வைன் வகைகள், முதுகில் தேய்க்கத் தைலம். மூன்று கிழமையளவில் எழுந்து நடந்தார். இரத்தத்தை வடித்தபோதும் சுகம் வந்தது, இறைச்சியும் மதுவும் ஊட்டியபோதும் சுகம் வந்தது. நோய் தன் போக்கில் வந்து தன் போக்கில் போயிற்று என்பதே உண்மை.

ஆனால் இம்முறை அது முழுதாகப் போகவில்லை. கால்களில் விறைப்பு எஞ்சியது. ஓடவும் நடனமாடவும் இயலாது போயிற்று. 1830இல் தாயார் றாம்ஸ்கேற் என்ற கடற்கரைப் பட்டினத்தில் காலமானார். டெஸ்தே திருமணம் செய்யவில்லை. ஊற்று நீராடும் தலங்களுக்குப் போவதும், வைத்தியருக்குப் பின் வைத்தியராகக் காண்பதும், தைலங்கள் பூசுவதுமாக ஆண்டுகள் கழிந்தன.

வாசகர்களே, இந்த ஆண்டுகளில் நடந்த வேறொன்றை எண்ணிப்பார்க்கும்போது மனம் நோகத்தான் செய்கின்றது. 1838ஆம் ஆண்டில், அதே இலண்டன் நகரத்திலே, றொபேட் காஸ்வெல் என்ற வைத்தியர் நோயுற்ற உறுப்புக்களைத் தம் கையாலேயே வரைந்து ஒரு நூலை வெளியிட்டார். அதில் ஒரு முதுகுநாணின் படம் உண்டு. அதன் மேல் அங்குமிங்குமாகத் தழும்புகள். பாரிசில் குறுவேய்லியே என்ற பேராசிரியரும் ஏறக்குறைய அதே காலத்தில் அதே தழும்புகளை வரைந்தார். இறந்தவர் உடலில் நோயைக் கண்டவர்கள், அதை உயிரோடு சுமந்தவர் தம்மை எப்படி உணர்ந்தார் என்பதை அறியவில்லை. உணர்ந்தவற்றையெல்லாம் எழுதிவைத்திருந்தவரோ அந்தப் படத்தைப் பற்றி அறியவில்லை. இரண்டையும் இணைத்தவர் பாரிஸ் நகரத்து ஷார்கோ. 1868ஆம் ஆண்டில் அவர்தான் இதனைத் தனி நோயென்று விளக்கிப் பெயரும் கொடுத்தார். டெஸ்தே இறந்து அப்போது 20 ஆண்டுகள்.

1843 ஏப்ரிலில் சசெக்ஸ் கோமகன் இறந்தார். மகன் தந்தையின் பட்டத்தைக் கோரிப் பிரபுக்கள் சபையில் வழக்கிட்டார். தன்னால் நிற்கவே முடியாத காலத்தில் தொடங்கிய வழக்கு இது. அந்த ஆண்டு டிசெம்பரில் எழுதிய குறிப்பில், கைத்தடி இல்லாமல் நிற்கவோ நடக்கவோ தம்மால் சமநிலை காக்க முடியவில்லை என்று காண்கின்றது. உரோமாபுரியில் நடந்த அந்த முதல் திருமணம் அந்நாட்டு முறைப்படி செல்லுமா என்பதைப் பற்றிச் சாட்சி சொல்ல ஓர் ஆயர் அழைக்கப்பட்டார். அவர் வேறு யாருமல்ல, பின்னாளில் வெஸ்ற்மின்ஸ்ரரின் முதல் பேராயரும் கர்தினாலுமான நிக்கொலாஸ் வைஸ்மன் ஆண்டகைதான். ஆனால் வழக்கு வேறிடத்தில் உடைந்தது. 1772ஆம் ஆண்டின் சட்டம் இங்கிலாந்துக்கு வெளியே நடக்கும் திருமணங்களையும் கட்டுப்படுத்தும் என்று நீதிபதிகள் கருதினர். 1844இல் கோரிக்கை தள்ளப்பட்டது. அதே காலத்திலேதான் டெஸ்தே சக்கர நாற்காலிக்கும் வந்துசேர்ந்தார்.

அவர் குறித்துவைத்த கண் குறைகளுக்கு விளக்கம் தேடிய கதை அவருக்குப் பின்னும் வெகுகாலம் நீண்டது. அதில் சிலவற்றைச் சொல்லாமல் போனால் அவர் எழுதியதன் பெறுமதி தெரியாது.

1890இல் ஊட்ஹோவ் என்ற ஜெர்மானியக் கண் வைத்தியர், இந்நோயாளர் சிலர் வேகமாக நடந்தால் பார்வை மங்குவதையும், இளைப்பாறினால் தெளிவதையும் எழுதினார். உறை கழன்ற நாரிலே உடற்சூடு சற்று ஏறினாலும் செய்தி தடைப்படுகின்றது. வெந்நீர்க் குளிப்பு, காய்ச்சல், உச்சி வெயில் எல்லாம் இவ்வாறு செய்யும். சூடு தணிந்தால் பார்வை திரும்பும். புதிய கேடு ஒன்றும் நேர்ந்துவிட்டதில்லை. வெப்பநாட்டில் வாழும் நோயாளருக்கு இது தெரிந்திருந்தால் பாதிப் பயம் நீங்கும்.

1922இல் புல்ஃபிரிச் என்ற மற்றொரு ஜெர்மானியர் வேறோர் அதிசயத்தை விளக்கினார். ஒரு கண்ணின் செய்தி மற்றக் கண்ணின் செய்தியிலும் சிறிது பிந்திவந்தால், நேராக ஆடும் ஊசற்குண்டு வட்டமிட்டு ஆடுவதாகத் தெரியும். புல்ஃபிரிச்சுக்கோ ஒரு கண்ணில் பார்வை இல்லை; தாம் விளக்கிய காட்சியைத் தாமே காணக்கூடாதவராக இருந்தார்! ஒரு பக்கத்துப் பார்வை நரம்பில் தழும்புள்ளவருக்கு இது அன்றாடத் தொல்லை. கண் பரிசோதனை அட்டையில் கடைசி வரியையும் வாசிப்பார். ஆனால் எதிரே வரும் வாகனம் எவ்வளவு தூரத்தில் வருகின்றது என்று மதிக்கத் தெரியாமல் வீதியோரத்திலேயே நிற்பார். எறிந்த பந்தை ஏந்தப் போய்த் தவறவிடுவார்.

1972இல் இலண்டன் குயின் ஸ்குவாயர் நரம்பியல் வைத்தியசாலையைச் சேர்ந்த ஹலிடேயும் கூட்டாளிகளும் இந்தப் பிந்துதலை அளந்தே காட்டினார்கள். கறுப்புச் சதுரமும் வெள்ளைச் சதுரமும் இடம்மாறும் ஒரு பலகையை நோக்கச்செய்து, தலையின் பின்புறத்தில் மின்னிணைப்பு வைத்து, கண் கண்ட செய்தி மூளையின் பின்பகுதியை எட்டும் நேரத்தைக் கணித்தார்கள். சாதாரணமாக அது ஒரு செக்கனில் பத்தில் ஒரு பங்கு. பார்வை நரம்பில் அடிபட்டவர்களுக்கு அது மேலும் முப்பது நாற்பது மில்லிசெக்கன் பிந்தியது. வியப்பு என்னவெனில், பார்வை முழுமையாகத் திரும்பிவிட்டது என்று சொன்னவர்களுக்கும், அதற்குப் பல ஆண்டுகளின் பின்னும், செய்தி பிந்தியே வந்தது. அயர்லாந்தில் முற்றாகத் தெளிந்துவிட்டதாக டெஸ்தே எழுதிய கண்களை இப்படி அளந்திருந்தால் அந்தப் பிந்துதல் பெரும்பாலும் அங்கே இருந்திருக்கும். மூளை அதனை ஈடுசெய்துகொண்டு பார்க்கப் பழகிவிடுகின்றது. அப்படி ஈடுசெய்யும் உழைப்பினால்தான், ஒரு பக்கம் வாசித்ததும் களைத்துப்போகிறேன் என்று இவர்களிற் பலர் சொல்கின்றார்கள். சோம்பல் என்று அதை எண்ணுவது தவறு.

1981 முதல் காந்தப் படக்கருவியால் தழும்புகளை உயிரோடிருப்பவரின் மூளையிலேயே காண முடிகின்றது. பார்வை நரம்பு வீக்கத்துக்கு நாளத்தின் வழியாகக் கொடுக்கும் ஸ்ரீறொயிட் மருந்து, பார்வை திரும்புவதை விரைவுபடுத்தும். ஆனால் கடைசியில் எவ்வளவு பார்வை கிடைக்கும் என்பதை அது மிகுதியாக மாற்றுவதில்லை என்று 1992இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வொன்று காட்டியது. நோயின் தாக்குதல்களைக் குறைக்கும் மருந்துகள் 1993 முதல் ஒவ்வொன்றாக வந்தன. முற்றாக நீக்கும் மருந்து இன்னும் இல்லை.

உங்களிற் சிலருக்கு இவ்விடத்தில் ஒல்லாந்து தேசத்துப் புனித லித்வீனாவின் நினைவு வரக்கூடும். 1380இல் பிறந்து, சிறுமியாகப் பனிக்கட்டியில் விழுந்து, 1433இல் இறக்கும்வரை படுக்கையில் கிடந்த அந்தப் புனிதையே இந்நோயின் முதல் நோயாளி என்று எழுதுவோர் உளர். ஒரு கண்ணில் பார்வை இழந்ததாகவும், மற்றக் கண் வெளிச்சம் பொறாததாகவும் அவருடைய சரிதைகள் கூறுவது உண்மையே. ஆனாலும் பிறர் பக்தியோடு எழுதிய சரிதையைக்கொண்டு நோயைத் தீர்மானிப்பது கடினம். விபத்தும் வேறு வியாதிகளும் அங்கே கலந்து நிற்கின்றன. டெஸ்தேயின் குறிப்பு அவ்வாறன்று. நோயாளியே, நிகழ்ந்த மாதத்தையும் இடத்தையும் சொல்லி, தம் பிழைப்பட்ட பார்வையைத் தாமே அளவோடு எழுதினார். பெருமையும் இல்லை, புலம்பலும் இல்லை. தெய்வத்தை நொந்துகொண்டவராகவும் தெரியவில்லை. சுகம் வரும் என்ற நம்பிக்கை கடைசிவரை அந்த ஏட்டில் காணப்படுகின்றது.

நாட்குறிப்பு 1846ஆம் ஆண்டோடு நிற்கின்றது. 1848 டிசெம்பர் 28ஆம் திகதி, தமது 54ஆம் வயதில், அவர் காலமானார். றாம்ஸ்கேற் புனித லோறன்ஸ் ஆலயத்திலே தாயாரின் கல்லறை மண்டபத்தில் தாய்க்கு அருகே அடக்கம் செய்யப்பட்டார். தகப்பன் வேறொரு மயானத்தில், இலண்டன் கென்சல் கிறீனில் கிடக்கின்றார். பத்திரிகைகள் எழுதியதெல்லாம் அரச வம்சத்து உரிமை வழக்கைப் பற்றித்தான். கண்களைப் பற்றி ஒருவரும் எழுதவில்லை.

அந்த ஏடு ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு கவனிப்பாரின்றிக் கிடந்தது. டக்ளஸ் ஃபேர்த் என்ற ஆங்கில வைத்தியர் அதை வாசித்தபோது நோய் இன்னதென்று உடனே கண்டுகொண்டார். 1941இல் அதைப் பற்றிக் கட்டுரை எழுதினார். 1948இல், டெஸ்தே இறந்து சரியாக 100 ஆண்டுகள் நிறைந்த ஆண்டில், கேம்பிறிட்ஜ் பல்கலைக்கழக அச்சகம் அதை நூலாக வெளியிட்டது. மூல ஏடு இன்று இலண்டனில் அரச வைத்தியர் கல்லூரியின் காப்பில் இருக்கின்றது. அதில் நோயின் கதை தொடங்குவது ஸ்கொத்லாந்து மலைநாட்டுப் பிரயாணத்தோடும், அழாமல் இருக்க அவர் பட்ட பாட்டோடும்தான்.